அழகு ஆபரேஷனுக்கு அவசரம்... 'பிட்னெஸ்' பார்ப்பதில் அலட்சியம்! நல்லா இருந்தவர்கள் நடந்து போய் உயிரை விடும் பரிதாபம்

சென்னை மருத்துவக் கல்லூரியில் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தார் அந்த வாலிபர். வயது 22. உடம்புக்கு முடியாமல் போகவில்லை. தலைமுடி கொட்டியதுதான் கவலை. 2016-ம் ஆண்டு மே மாதம் முடி நடுவதற்காக நகரில் உள்ள ஒரு மையத்துக்கு போனார். சிகிச்சையின்போது உடல்நிலை மோசமானது. ஆஸ்பத்திரி மாற்றி ஆஸ்பத்திரி கொண்டு போனார்கள். 2 நாளில் வேலூரில் பரிதாபமாக இறந்து போனார்.

நாளைக்கு டாக்டராக வேண்டியவருக்கே இந்த கதி. அந்த மையம் அழகு நிலையம் நடத்தத்தான் அனுமதி வாங்கியிருந்தது என்று அதிகாரிகள் அப்போது தெரிவித்தனர். மையத்துக்கு சீல் வைக்கப்பட்டது. பெரிய பரபரப்பு எழுந்தது. பிறகு எல்லோரும் மறந்து போனார்கள்.

ஆனால் சம்பவங்கள் நிற்கவில்லை.

அடுத்தடுத்து அதிர்ச்சி

2022 மே மாதம் பெங்களூரில் கன்னட டி.வி. நடிகை சேத்தனா ராஜ் கொழுப்பு நீக்கும் ஆபரேஷனுக்காக ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். வயது 21. அன்றே உயிர் போய்விட்டது. பெற்றோரிடம் சொல்லாமல் போயிருக்கிறார். தகவல் தெரிந்து அவர்கள் ஓடி வந்தபோது மகள் பேசும் நிலையில் இல்லை.

2024 ஏப்ரலில் புதுச்சேரியை சேர்ந்த 26 வயது வாலிபர் உடல் பருமனை குறைப்பதற்காக சென்னை அருகே பம்மலில் உள்ள ஒரு ஆஸ்பத்திரிக்கு வந்தார். ஆபரேஷன் தொடங்கிய சிறிது நேரத்தில் இதயம் நின்று போனது. அரசு விசாரணைக்குழு அமைத்தது. ஆஸ்பத்திரியின் அனுமதியும் தற்காலிகமாக நிறுத்தி வைக்கப்பட்டது.

2025 பிப்ரவரியில் திருவனந்தபுரத்தில் 31 வயது பெண் சாப்ட்வேர் என்ஜினீயர் வயிற்று கொழுப்பை எடுத்துக்கொண்டார். மறுநாளே வீட்டுக்கு அனுப்பி விட்டார்கள். அதன்பிறகு கிருமி தொற்று பரவி, உயிரை காப்பாற்றுவதற்காக கை, கால்களில் 9 விரல்களை எடுக்க வேண்டியதாகி விட்டது.

அடுத்த மாதமே உத்தரபிரதேச மாநிலம் கான்பூரில் முடி நட்டுக்கொண்ட என்ஜினீயர் ஒருவர் முகம் வீங்கி இறந்தார். ஆபரேஷன் செய்தவர் பல் டாக்டர் என்று அவருடைய மனைவி போலீசில் புகார் கொடுத்தார்.

இந்த சம்பவங்கள் எல்லாவற்றுக்கும் காரணம் ஒன்றே அல்ல. முன்கூட்டியே பரிசோதனை செய்திருந்தால் அத்தனை பேரும் பிழைத்திருப்பார்கள் என்று அடித்து சொல்லவும் முடியாது. ஆனால் ஒன்று மட்டும் எல்லோருக்கும் பொது. யாரும் ஆம்புலன்சில் போகவில்லை. தாங்களே தேதி குறித்து, தாங்களே பணம் கட்டி, தங்கள் காலால் நடந்து போனவர்கள்.

கணக்கு தலைகீழ்

குடல்வால் வெடிக்கும் நிலையில் ஒருவர் வருகிறார். சர்க்கரை 300 இருக்கிறது. பி.பி.யும் ஏறி இருக்கிறது. ஆனாலும் டாக்டர் கத்தியை எடுத்துத்தான் ஆக வேண்டும். எடுக்காவிட்டால் நோயே ஆளை கொன்று விடும். அங்கே ஆபத்தோடு ஆபத்தை எடை போட்டு முடிவு எடுக்கிறார்கள்.

மூக்கை எடுப்பாக்கிக்கொள்ள, தொப்பையை குறைக்க, முடி நட வருபவருக்கு அந்த கணக்கு பொருந்தாது. ஆபரேஷன் செய்யாவிட்டால் அவருக்கு ஒன்றும் ஆகாது. இன்று வேண்டாம் என்றால் அடுத்த மாதம் செய்யலாம். அடுத்த வருடமும் செய்யலாம். செய்யாமலே விட்டாலும் நூறு வயது வரை வாழலாம்.

அப்படியானால் உடம்பு தாங்குமா என்று பார்க்கும் சோதனை எங்கே கடுமையாக இருக்க வேண்டும்? அழகு ஆபரேஷனுக்குத்தான். ஆனால் நடைமுறையில் பல இடங்களில் நடப்பது தலைகீழ். மூட்டு ஆபரேஷனுக்கு போகும் பாட்டியை இதய டாக்டர், சர்க்கரை டாக்டர், மயக்க மருந்து டாக்டர் என்று மூன்று பேர் பார்க்கிறார்கள். முடி நட போகும் பேரனிடம் "சுகர் இருக்கா, பி.பி. இருக்கா?" என்று ரிசப்ஷனில் ஒரு பாரத்தை நீட்டுகிறார்கள். "இல்லை" என்று டிக் அடித்தால் வேலை முடிந்தது.

அவனுக்கு சர்க்கரை இருக்கிறதா இல்லையா என்பது அவனுக்கே தெரியாது. பார்த்திருந்தால்தானே தெரியும்?

பிட்னெஸ் என்றால் என்ன?

'பிட்னெஸ்' என்பது ஒரு துண்டு சீட்டில் டாக்டர் போடும் கையெழுத்து என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். விஷயம் அவ்வளவு சின்னது அல்ல.

முதலில் ரத்தப் பரிசோதனை. ரத்த அளவு, சர்க்கரை, சிறுநீரகத்துக்கான கிரியேட்டினின், ரத்தம் உறையும் நேரம் ஆகியவற்றை பார்க்க வேண்டும். மஞ்சள் காமாலை பி, எச்.ஐ.வி. சோதனையும் உண்டு. வயதையும் உடம்பையும் பொறுத்து ஈ.சி.ஜி., எக்கோ, நெஞ்சு எக்ஸ்ரே எடுப்பார்கள். பெண்களுக்கு கர்ப்பம் இருக்கிறதா என்பதையும் உறுதி செய்ய வேண்டும்.

சர்க்கரையில் அன்றைய அளவு மட்டும் போதாது. கடந்த 3 மாத சராசரியை காட்டும் எச்.பி.ஏ.1.சி. சோதனை இருக்கிறது. 2 நாள் பட்டினி கிடந்து அன்றைய சர்க்கரையை குறைத்து காட்டி விடலாம். 3 மாத கணக்கை ஏமாற்ற முடியாது. சர்க்கரை ஏறி இருந்தால் தையல் ஆறாது. சீழ் பிடிக்கும்.

இதையெல்லாம் பார்த்து மயக்க மருந்து டாக்டர் ஒரு கிரேடு போடுவார். எந்த நோயும் இல்லாதவர் 1-ம் கிரேடு. சர்க்கரை, பி.பி. இருந்தும் கட்டுக்குள் வைத்திருப்பவர் 2-ம் கிரேடு. நோய் கடுமையாக உள்ளவர் 3-ம் கிரேடு. அதற்கு மேலும் போகும். 3-ம் கிரேடு ஆளை ஐ.சி.யு. வசதி இல்லாத சின்ன கிளினிக்கில் படுக்க வைப்பது வம்பை விலைக்கு வாங்குவது மாதிரி. "டாக்டர், நான் எந்த கிரேடு?" என்று கேட்க எல்லோருக்கும் உரிமை உண்டு. கேட்பவர்கள்தான் இல்லை.

மறைக்கும் விஷயங்கள்

டெஸ்ட்டை விட முக்கியம் டாக்டர் கேட்கும் கேள்விகளும், அதற்கு வரும் உண்மையான பதிலும். இங்கேதான் நம் ஆட்கள் கோட்டை விடுகிறார்கள்.

"சிகரெட் உண்டா?" என்றால், கூட வந்த மாமா முன்னால் "இல்லை சார்" என்கிறார் வாலிபர். புகையில் உள்ள நிகோடின் ரத்தக்குழாயை சுருக்கி விடும். வெட்டி தைத்த தோலுக்கு ரத்தம் போகாமல் கறுத்து அழுகவும் கூடும். அதனால்தான் ஆபரேஷனுக்கு முன்பும் பின்பும் குறைந்தது 4 வாரம் சிகரெட்டை தொடக்கூடாது என்கிறார்கள்.

"மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களா?" என்றால் "ஒண்ணும் இல்லை" என்ற பதில் வருகிறது. நாட்டு மருந்து கடையில் வாங்கிய சூரணம், ஜிம்மில் கொடுத்த பவுடர், பூண்டு மாத்திரை, மீன் எண்ணெய் மாத்திரை எல்லாம் மாத்திரை கணக்கில் வராது என்று நினைப்பு. இவற்றில் சில ரத்தம் உறைவதை தாமதப்படுத்தும். ஆஸ்பிரின் போன்ற ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள் சொல்லாமல் விட்டால் ரத்தம் நிற்காது. அதற்காக தானாக நிறுத்தினாலும் ஆபத்து. இதய டாக்டரை கேட்டுத்தான் நிறுத்த வேண்டும். கருத்தடை மாத்திரை சாப்பிடும் பெண்களுக்கு காலில் ரத்தம் கட்டும் வாய்ப்பு கூடும். கல்யாணம் ஆகாத பெண் அதை வாய் திறந்து சொல்வாரா?

"குறட்டை விடுவீங்களா?" என்ற கேள்விக்கு எல்லோரும் சிரிப்பார்கள். சிரிக்கும் விஷயம் அல்ல. பருமனாக இருந்து, தூக்கத்தில் மூச்சு விட்டு விட்டு வருபவர்களுக்கு மயக்க மருந்து கொடுத்தால் மூச்சுப் பாதை அடைபடும் ஆபத்து அதிகம். பக்கத்தில் படுப்பவரை கேட்டால்தான் உண்மை தெரியும். ஆனால் அவரிடமே சொல்லாமல்தானே வந்திருக்கிறார்கள்!

அப்புறம் அந்த காலை டீ. "வெறும் டீதான் குடிச்சேன்" என்பார்கள். பால் கலந்த டீ மயக்க மருந்து கணக்கில் சாப்பாடு மாதிரிதான். 6 மணி நேரம் இடைவெளி வேண்டும். வெறும் தண்ணீருக்கு 2 மணி நேரம். மயக்கத்தில் வயிற்றில் உள்ளது மேலே வந்து நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து.

"மரத்துப்போற ஊசிதானே!"

முழு மயக்கம் கொடுக்காத சிகிச்சைக்கு எதற்கு இவ்வளவு சோதனை என்று கேட்கிறார்கள். இதுவும் தவறான எண்ணம்.

முடி நடும்போது மணிக்கணக்கில் உட்கார வைத்து, தலை முழுக்க மரத்துப்போகும் ஊசியை திரும்ப திரும்ப போடுகிறார்கள். லிக்னோகெய்ன் என்ற அந்த மருந்துக்கு ஆளின் எடையை வைத்து கணக்கிடும் அளவு உண்டு. அளவை தாண்டினால் முதலில் நாக்கு மரக்கும், காது இரையும். பிறகு வலிப்பு வரும். இதயத் துடிப்பே தாறுமாறாகும். அந்த நிமிடத்தில் பக்கத்தில் மயக்க மருந்து டாக்டரும், ஆக்சிஜனும், அவசர மருந்தும் இருந்தால் தப்பிக்கலாம். இல்லாவிட்டால் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரி தேட வேண்டியதுதான்.

கொழுப்பு உறிஞ்சுவதும் அப்படித்தான். 5 லிட்டருக்கு மேல் எடுத்தால் அது பெரிய ஆபரேஷன் கணக்கு. ராத்திரி தங்க வைத்து கண்காணிக்க வேண்டும். 'காலையில் வந்தால் மாலையில் போகலாம்' என்ற விளம்பரத்தை பார்த்து மயங்கக் கூடாது.

ரகசியமே எமன்

சாதாரண ஆபரேஷன் என்றால் ஊருக்கே தெரியும். குடும்ப டாக்டர் ஒரு வார்த்தை சொல்வார். அண்ணன், தம்பி, அத்தை, மாமா வந்து ஆளுக்கு ஒரு கேள்வி கேட்பார்கள். இன்சூரன்ஸ் கம்பெனி பழைய ரிப்போர்ட் எல்லாம் கேட்டு குடையும். எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் அத்தனை கண்கள் பார்ப்பதே ஒரு பாதுகாப்பு.

அழகு ஆபரேஷனில் அந்த கண்கள் ஒன்றுகூட இல்லை. வெளியே தெரிந்தால் கேலி செய்வார்கள் என்று வீட்டுக்கும் சொல்வதில்லை. விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்கு பிறகு செய்யும் சீரமைப்பு தவிர மற்ற அழகு சிகிச்சைக்கு மருத்துவ இன்சூரன்ஸ் கிடையாது. முழு பணமும் கையில் இருந்து. அதனால் கேள்வி கேட்க மூன்றாவது ஆள் யாருமே இல்லை. விற்கிறவர், வாங்குகிறவர், இரண்டே பேர். இரண்டு பேருக்குமே அவசரம்.

"கல்யாணத்துக்கு இன்னும் 20 நாள்தான் இருக்கு சார்" என்கிறார் மாப்பிள்ளை. "இந்த வாரம் புக் பண்ணினா ஆபர்" என்கிறது மையம். அட்வான்ஸ் கட்டியாகி விட்டது. இந்த நிலைமையில் ஈ.சி.ஜி.யில் ஒரு சின்ன கோணல் தெரிந்தால் "இதய டாக்டரை பார்த்துட்டு வாங்க" என்று திருப்பி அனுப்ப எத்தனை பேருக்கு மனசு வரும்? அனுப்பினால் திரும்ப வருவாரா, எதிர் கடைக்கு போய்விடுவாரா என்ற பயம் வேறு.

ஒன்றை சொல்லியாக வேண்டும். நியாயமான பிளாஸ்டிக் சர்ஜன்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். "இப்ப வேண்டாம்" என்று முகத்துக்கு நேராக சொல்லி அனுப்புகிறவர்களும் உண்டு. கண்ணாடி முன் நின்று இல்லாத குறையை தேடி தவிப்பவருக்கு கத்தி அல்ல, மனநல ஆலோசனைதான் தேவை என்று கண்டுபிடிப்பதும் பிட்னெஸ் பார்ப்பதில் ஒரு பகுதிதான். அழகாக இருக்க ஆசைப்படுவது குற்றமும் அல்ல. வழுக்கை என்று சொல்லி வரன் தட்டிப்போனவருக்குத்தான் அந்த வலி தெரியும்.

அமெரிக்காவில் ஒரு தாயின் பெயரில் சட்டம்

இந்த இடத்தில் அமெரிக்காவில் நடந்த ஒரு சம்பவத்தை பார்க்க வேண்டும். பிரபல ராப் பாடகர் கான்யே வெஸ்ட்டின் தாய் டோண்டா வெஸ்ட். கல்லூரியில் ஆங்கில பேராசிரியையாக இருந்தவர். 58 வயதில் கொழுப்பு நீக்கவும், மார்பக சீரமைப்புக்கும் ஆசைப்பட்டார்.

முதலில் பார்த்த டாக்டர், இதயத்துக்கு ஆபத்து வரலாம் என்பதால் வேறு டாக்டரிடம் சான்று வாங்கி வந்தால்தான் செய்வேன் என்று கூறியதாக பின்னர் தெரிவிக்கப்பட்டது. அவர் அங்கே ஆபரேஷன் செய்துகொள்ளவில்லை. வேறு டாக்டரிடம் போனார். 2007 நவம்பரில் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தார். மறுநாள், நவம்பர் 10-ந் தேதி இறந்து போனார். அவருக்கு இதய ரத்தக்குழாய் நோய் இருந்ததையும், அதோடு ஆபரேஷனுக்கு பிந்தைய பல காரணங்கள் சேர்ந்ததையும் பிரேத பரிசோதனை அறிக்கை காட்டியது.

கலிபோர்னியா மாகாணம் சும்மா இருக்கவில்லை. 2009-ல் 'டோண்டா வெஸ்ட் சட்டம்' வந்தது. கையெழுத்து போட்டவர் அப்போது கவர்னராக இருந்த நடிகர் அர்னால்டு. அழகு ஆபரேஷனுக்கு முந்தைய 30 நாளுக்குள் உரிய உடல் பரிசோதனை செய்து, 'செய்யலாம்' என்று எழுத்து மூலம் அனுமதி வாங்க வேண்டும். ஆபரேஷன் அன்றும் அது சரிதானா என்று உறுதி செய்ய வேண்டும். இதுதான் சட்டம்.

அதிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. ஆபரேஷன் செய்யும் டாக்டரே அந்த அனுமதியை எழுதிக்கொள்ளலாம். பணம் வாங்குகிறவரே பிட்னெஸ் கொடுப்பது எப்படி என்ற கேள்வி அங்கேயும் மிச்சம் இருக்கிறது.

இங்கே என்ன நிலைமை?

தமிழ்நாட்டில் 1997-ம் ஆண்டு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறை சட்டம் இருக்கிறது. அதற்கான விதிகள் 2018-ல் வந்தன. ஆஸ்பத்திரி, கிளினிக் எல்லாம் பதிவு செய்ய வேண்டும். மாவட்டத்தில் இதை பார்ப்பது மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குனர் அலுவலகம்.

தேசிய மருத்துவ ஆணையம் 2022-ல் முடி நடுவதற்கும் அழகு சிகிச்சைக்கும் வழிகாட்டுதல் வெளியிட்டது. முறையான பயிற்சி பெற்ற டாக்டர்தான் செய்ய வேண்டும், யூ டியூப் பார்த்து கற்றுக்கொண்டது பயிற்சி ஆகாது என்று அதில் வெளிப்படையாகவே சொல்லி இருக்கிறார்கள். இப்படி எழுதி வைக்க வேண்டிய நிலைமை வந்ததே பெரிய கொடுமை.

ஆனால் அழகு ஆபரேஷனுக்கு முன்பு இத்தனை நாளுக்குள் இன்ன பரிசோதனை செய்து எழுத்து மூலம் அனுமதி பெற வேண்டும் என்று கலிபோர்னியா மாதிரி தனிச்சட்டம் இங்கே இல்லை. அது வரும் வரை ஒவ்வொரு சம்பவத்துக்கும் பிறகு சீல் வைப்பது, விசாரணைக்குழு போடுவது என்று உயிர் போன பிறகுதான் கதவை மூட முடியும்.

ஆபரேஷன் செய்யாத வேறு டாக்டர் ஒருவரின் எழுத்து அனுமதி இல்லாமல் கத்தி எடுக்கக் கூடாது என்று ஒரே ஒரு விதி வந்தால் போதும். செலவு பெரிது அல்ல. லட்ச ரூபாய் ஆபரேஷனுக்கு முன்னால் சில ஆயிரம் ரூபாய் டெஸ்ட் எந்த மூலைக்கு?

போகிறவர்கள் கவனத்துக்கு...

* பெயருக்கு பின்னால் உள்ள எழுத்துகளை நம்ப வேண்டாம். டாக்டரின் பதிவு எண்ணை கேட்டு, தமிழ்நாடு மருத்துவ கவுன்சில் இணையதளத்தில் சரி பாருங்கள்.

* அந்த இடம் ஆஸ்பத்திரியாக பதிவு ஆகி இருக்கிறதா, சலூனா என்று சான்றிதழை காட்ட சொல்லுங்கள்.

* மயக்க மருந்து டாக்டர் யார், ஆபரேஷன் முடியும் வரை இருப்பாரா என்று கேளுங்கள். முதல் நாளே அவரை நேரில் பாருங்கள்.

* பிட்னெஸ்சை உங்கள் குடும்ப டாக்டரிடமோ, ஆபரேஷனில் லாபம் இல்லாத வேறு டாக்டரிடமோ வாங்குங்கள்.

* பணம் கட்டும் முன்பு டெஸ்ட் எடுங்கள். கட்டிய பிறகு எடுத்தால் ரிப்போர்ட்டை மீறி போகத்தான் மனசு சொல்லும்.

* வீட்டில் ஒருவரிடமாவது சொல்லி விட்டு போங்கள். கேலி செய்தால் செய்யட்டும்.

* அரசு ஆஸ்பத்திரியில் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவு இல்லை என்று நினைக்க வேண்டாம். சென்னை ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரிகளில் இருக்கிறது. ஆலோசனை கேட்கலாம். சந்தேகம் இருந்தால் 104-க்கு போன் செய்யலாம்.

* ஏதாவது தவறு நடந்தால் மருத்துவ ஆவணங்களை எழுதி கேளுங்கள். 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பது டாக்டர்களுக்கான விதி. பணம் கொடுத்து பெறும் சிகிச்சை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995-லேயே சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு சொல்லி விட்டது.

டோண்டா வெஸ்ட்டிடம் அந்த முதல் டாக்டர் கேட்டது ஒரே ஒரு கடிதம்தான். அதை கேட்ட டாக்டரை விட்டு, செய்ய சம்மதித்த டாக்டரிடம் போனார். நம் ஊரிலும் "டெஸ்ட் எடுத்துட்டு வா" என்று சொல்லும் டாக்டர் கெட்டவர், "நாளைக்கே வா" என்பவர் நல்லவர் என்ற எண்ணம் இருக்கிறது.

திருப்பி அனுப்புகிற டாக்டர் மேல் கோபப்பட வேண்டாம். தேதியை தள்ளி வைத்தால் நஷ்டம் அட்வான்ஸ் பணத்தோடு போகும்.